ஸ்மல்யன் புதிர்களுக்கு விடையோடு வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் புதிர்ப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த மெய்யன்–பொய்யன் கணக்கைப் பற்றி எழுதுகிறோம். ஒரு தீவு. அங்கே மெய்யன் எப்போதும் மெய்யே பேசுவான், பொய்யன் எப்போதும் பொய்யே பேசுவான். அண்ணன் தம்பி இருவர் வருகிறார்கள். "தம்பி பொய்யன்" என்கிறான் அண்ணன். "அண்ணன் பொய்யன்" என்கிறான் தம்பி. யார் மெய்யன், யார் பொய்யன்? 'அண்ணன் மெய்யன், தம்பி பொய்யன்' என்று பக்கத்தின் அடியில் தலைகீழாக விடை அச்சாகியிருந்தது.

அந்த விடை பொருந்துகிறது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டாலும் அதே அளவு பொருந்துகிறது. தம்பி மெய்யன் என்று வையுங்கள்: அவன் சொன்னபடி அண்ணன் பொய்யன். அண்ணன் பொய்யன் என்றால் அவன் சொன்ன "தம்பி பொய்யன்" பொய்யாக வேண்டும். தம்பி மெய்யன்தான், ஆகவே அது பொய்தான். எங்கும் இடிக்கவில்லை. இருவரில் ஒருவன் மெய்யன், மற்றவன் பொய்யன் என்பதற்கு மேல் இந்தக் கணக்கிலிருந்து யாராலும் எதையும் பெற முடியாது. சரியாக யோசித்து மாற்று விடையை எழுதிய ஒரு பள்ளி மாணவி, அச்சிட்ட விடையைப் பார்த்துத் தன் மூளையைத்தான் சந்தேகித்திருப்பாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இவ்வகைப் புதிர்களை உலகமெங்கும் கொண்டுசேர்த்தவர் ரேமண்ட் ஸ்மல்யன், அமெரிக்கத் தருக்கவியலாளர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1978இல் வந்த அவருடைய முதல் புதிர் நூலுக்குப் பிறகுதான் இந்தத் தீவு பத்திரிகைகளுக்கும் தேர்வுப் பயிற்சிப் புத்தகங்களுக்கும் பரவியது. பரவியபோது விடைகள் வந்து சேர்ந்தன, வழி வழியிலேயே நின்றுவிட்டது. அந்த வழியும் அவர் செப்பனிட்டுக் கொடுத்ததுதான். 1968இல் வந்த 'ஃபர்ஸ்ட் ஆர்டர் லாஜிக்' என்ற மெல்லிய நூலில் இருக்கிறது. கிளை பிரியும் மரம் ஒன்றை வரைவதுதான் முறை. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.

தங்கள் கணக்கையே அந்த மரத்தில் போடுவோம். உச்சியில் இரண்டு கிளை: இடப்பக்கம் 'அண்ணன் மெய்யன்', வலப்பக்கம் 'அண்ணன் பொய்யன்'. இடக்கிளையில் அண்ணன் சொன்னது மெய், ஆகவே கீழே 'தம்பி பொய்யன்' என்று எழுதுகிறோம். தம்பி பொய்யன் என்றால் அவன் பேச்சு பொய், ஆகவே 'அண்ணன் மெய்யன்'. மேலே எழுதியதோடு முரண் இல்லை. கிளை திறந்தே இருக்கிறது. வலக்கிளையில் 'தம்பி மெய்யன்', அதன் கீழே 'அண்ணன் பொய்யன்'. இதுவும் திறந்தே இருக்கிறது. ஒரே கூற்று ஒரே கிளையில் மெய்யாகவும் பொய்யாகவும் வந்தால் மட்டுமே அடியில் பெருக்கல் குறி போட்டுக் கிளையை மூடுவோம். இங்கே இரண்டு திறந்த கிளை, ஆக இரண்டு விடை.

புதிர் அமைப்பவருக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. எல்லாக் கிளையும் மூடினால் அப்படி ஒரு பேச்சு அந்தத் தீவில் எழவே முடியாது. "நான் பொய்யன்" என்று ஒருவன் சொன்னதாகக் கணக்கு அமைத்தால் இதுதான் நடக்கும். மெய்யன் அதைச் சொன்னால் பொய்யாகும், பொய்யன் சொன்னால் மெய்யாகும். இருவராலும் சொல்ல முடியாது. திறந்த கிளைகள் வெவ்வேறு விடையைக் காட்டினால் கணக்கில் தகவல் குறைவு. எல்லாத் திறந்த கிளையும் ஒரே விடையைச் சொன்னால்தான் அது அச்சுக்குப் போகலாம்.

இனி, எந்த வாதத்துக்கும் பொருந்தும் விதிகள். க, ச என்பவை ஏதேனும் இரு கூற்றுகளைக் குறிக்கட்டும். ஒவ்வொரு கூற்றின் முன்னும் மெய்க்கு 'மெ' அல்லது பொய்க்கு 'பொ' என்று குறி இடுகிறோம். 'இல்லை' என்ற சொல் வந்தால் குறி மாறும், அவ்வளவுதான். மற்றக் கூட்டுக் கூற்றுகள் இரண்டே இனம் என்று ஸ்மல்யன் பிரித்தார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். ஆல்ஃபா இனம் கிளை பிரியாது, இரண்டு பகுதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும்: 'க-வும் ச-வும்' மெய் என்றால் க மெய், ச மெய். 'க அல்லது ச' பொய் என்றால் இரண்டும் பொய். 'க என்றால் ச' பொய் என்றால் க மெய், ச பொய். பீட்டா இனம் கிளை பிரியும்: 'க-வும் ச-வும்' பொய் என்றால் ஒரு பக்கம் க பொய், மறுபக்கம் ச பொய். 'க அல்லது ச' மெய் என்றால் ஒரு பக்கம் க மெய், மறுபக்கம் ச மெய். 'க என்றால் ச' மெய் என்றால் ஒரு பக்கம் க பொய், மறுபக்கம் ச மெய். ஆறு விதியையும் இரண்டு பெயருக்குள் அடக்கியது வெறும் சுருக்கெழுத்து வேலையன்று. முறை பிழையற்றது என்பதை நிறுவும்போது ஆறு தனி வாதங்களுக்குப் பதில் இரண்டு வாதங்களே போதுமானதாயின.

மரம் முழுக்க அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்வது நியாயமாகாது. 1955இல் ஹாலந்தின் எவர்ட் பெத்தும் பின்லாந்தின் ஜாக்கோ ஹிண்டிக்காவும் தனித்தனியே இதன் மூலக் கருத்தை வெளியிட்டிருந்தார்கள். பெத்தின் வடிவத்தில் மெய்க்கு ஒரு பத்தி, பொய்க்கு ஒரு பத்தி என்று பக்கம் பிளந்து பிளந்து போகும். அதை ஒற்றை மரமாக்கி, மாணவன் கையில் கொடுக்கும்படி செதுக்கியது ஸ்மல்யன்.

ஒரு வாதம் செல்லுமா என்று பார்க்க, முடிவுக்கு ஆதாரமாகத் தந்த முன்கூற்றுகளுக்கெல்லாம் 'மெ' போடுங்கள், முடிவுக்கு மட்டும் 'பொ' போடுங்கள். எல்லாக் கிளையும் மூடினால், முன்கூற்றுகள் மெய்யாக இருந்து முடிவு பொய்யாவதற்கு வழியே இல்லை, வாதம் செல்லும். 'மழை பெய்தால் சாலை நனையும், சாலை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது' என்ற வாதத்தைப் போட்டுப் பாருங்கள். 'சாலை நனைந்தது' மெ, 'மழை பெய்தது' பொ. 'மழை என்றால் நனையும்' என்பதைப் பிரித்தால் இடப்பக்கம் 'மழை' பொ, வலப்பக்கம் 'நனைந்தது' மெ. இரண்டும் மேலே இருப்பவையே, எதுவும் மூடவில்லை. திறந்த கிளையைக் கீழிருந்து மேலே படித்தால் மழை இல்லை, சாலை நனைந்திருக்கிறது என்று எதிர்க்காட்டு தானாகவே கையில் விழுகிறது. தண்ணீர் லாரி போயிருக்கலாம். இந்த வாதம் தவறு என்று ஆசிரியர் சொல்லி மனப்பாடம் செய்வதற்கும், எந்தச் சூழலில் அது தவறுகிறது என்று மரமே காட்டுவதற்கும் வெகுதூரம்.

நம் பிளஸ் டூ கணிதத்தில் தருக்கம் மெய் அட்டவணை வழியாகவே, அதாவது கூற்றுகள் மெய்யாகவும் பொய்யாகவும் அமையும் எல்லாச் சேர்க்கையையும் வரிசை வரிசையாக எழுதியே, கற்பிக்கப்படுகிறது. அட்டவணையில் ஓர் எழுத்து கூடினால் வரிசை இரண்டு மடங்காகும். க என்றால் ச, ச என்றால் ட, ட என்றால் த, த என்றால் ப, ப என்றால் ற; ஆகவே க என்றால் ற. வல்லினம் ஆறுக்கும் அட்டவணை போட 64 வரிசை வேண்டும். மரத்தில் க மெ, ற பொ என்று தொடங்கினால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பக்கம் உடனே மூடும். மொத்தம் 6 கிளையில் வேலை முடியும். எல்லா இடத்திலும் மரமே சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது. சில கூற்றுகளில் மரம் அட்டவணையைவிடப் பெருத்துவிடும். ஆனால் பள்ளித் தேர்வில் வரும் அளவுக்கு மரம் போதும், மிச்சமும் உண்டு.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. முதலாவது, முடிவுக்குப் 'பொ' போட மறந்து 'மெ' போடுவது. அப்போது மரம் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அடுத்தது, மேலே உள்ள கூற்றைப் பிரிக்கும்போது அதன் கீழே மூன்று திறந்த கிளை இருந்தால் மூன்றின் அடியிலும் எழுத வேண்டும். பெரும்பாலோர் கைக்கு எட்டிய ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு நிற்கிறார்கள். இன்னொன்று கண்ணை ஏமாற்றுவது: இடக்கிளையில் 'ச மெ', வலக்கிளையில் 'ச பொ' இருப்பதைப் பார்த்து முரண் என்று மூடிவிடுவது. முரண் ஒரே பாதையில், அடியிலிருந்து உச்சிவரை ஏறும் வழியில் இருக்க வேண்டும். பிழை என்று சொல்ல முடியாத வீண்வேலையும் உண்டு: பீட்டாவை முதலில் பிரித்துவிட்டால் அதன்பின் வரும் ஒவ்வோர் ஆல்ஃபாவையும் இரண்டு இடத்தில் எழுத நேரும். ஆல்ஃபாவை முதலில் தீர்த்துக்கொண்டால் தாளில் பாதி மிஞ்சும்.

'எல்லாம்', 'ஏதோ ஒன்று' என்ற சொற்கள் வரும்போது இன்னும் இரண்டு இனம் சேர்கின்றன: காமா, டெல்டா. 'எல்லாம்' மெய் என்றால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டு எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு தடவை பயன்படுத்திவிட்டோம் என்று அதை அடித்துவிடக் கூடாது. 'ஏதோ ஒன்று' மெய் என்றால் அந்தக் கிளையில் இதுவரை வராத புதுப் பெயர் ஒன்றைத்தான் சூட்ட வேண்டும். அது யார், எது என்று நமக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரின் பெயரை அதன்மேல் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

இந்த ஒரு விதியை மீறினால் என்ன ஆகும்? 'ஒவ்வொரு பூட்டுக்கும் அதைத் திறக்கும் ஒரு சாவி உண்டு. ஆகவே எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு.' தவறான வாதம் என்று யாருக்கும் தெரியும். மரத்தில் போடுவோம். பூட்டு 1-ஐ எடுக்கிறோம். அதற்குச் சாவி 1 என்று புதுப் பெயர் வைக்கிறோம். சாவி 1 பூட்டு 1-ஐத் திறக்கும். முடிவு பொய் என்று வைத்திருப்பதால், சாவி 1 திறக்காத ஏதோ ஒரு பூட்டு இருக்கிறது. இங்கே அவசரப்பட்டு அதற்கும் 'பூட்டு 1' என்று பெயர் போட்டால் திறக்கும், திறக்காது என்று முரண் வந்து கிளை மூடிவிடும். தவறான வாதம் செல்லும் என்று முத்திரை விழும். முறைப்படி பூட்டு 2 என்று எழுத வேண்டும். அதற்குச் சாவி 2. சாவி 2 திறக்காத பூட்டு 3. அதற்குச் சாவி 3. மரம் கீழே இறங்கிக்கொண்டே போகும், மூடவும் மூடாது, முடியவும் முடியாது.

இது முறையின் கோளாறு இல்லை. வாதம் செல்லுமானால், ஒழுங்காகப் போட்ட மரம் என்றாவது மூடியே தீரும் என்பதற்கு நிறுவல் உண்டு. செல்லாத வாதத்துக்குத்தான் எப்போது நிறுத்துவது என்று சொல்ல முடியாது. எந்த வாதத்தைக் கொடுத்தாலும் செல்லும், செல்லாது என்று முடிவுசொல்லும் பொதுவான இயந்திர முறை இருக்கவே முடியாது என்று 1936இல் நிறுவியவர் அலோன்சோ சர்ச். அதே ஆண்டில் அதே முடிவை வேறு வழியில் எட்டியவர் ஆலன் டூரிங்; பின்னர் பிரின்ஸ்டனில் சர்ச்சிடமே ஆய்வுப்பட்டம் பெற்றார். ஸ்மல்யனும் சர்ச்சின் மாணவர்தான். 1959இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 40.

அவ்வளவு தாமதமானதற்குக் காரணம், அவர் பள்ளி கல்லூரி வரிசையில் நடந்தவர் அல்லர். 1919 மே 25 அன்று நியூயார்க்கின் ஃபார் ராக்கவே பகுதியில் பிறந்தார். தனக்கு வேண்டிய கணிதம் பள்ளியில் இல்லை என்று பாதியில் வெளியேறித் தானே படித்தார். பியானோவில் தேர்ந்தவர்; மேடையில் மாயவித்தை காட்டிச் சம்பாதித்தவர். சிகாகோவில் தத்துவ அறிஞர் ருடால்ப் கார்னப்பிடம் தருக்கம் கேட்டார். இளங்கலைப் பட்டம் கையில் இல்லாமலே டார்ட்மத் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1955இல் பட்டம் கொடுத்தபோது, அவர் படிக்காத, ஆனால் கற்பித்துக்கொண்டிருந்த நுண்கணிதத்தையும் தேறியதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பிறகு பிரின்ஸ்டன், யெஷீவா, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் லேமன் கல்லூரி, கடைசியாக இண்டியானா. 2017 பிப்ரவரி 6 அன்று 97 வயதில் மறைந்தார்.

அவருடைய பங்களிப்பில் எங்களுக்கு மிக உயர்ந்ததாகப் படுவது ஒன்று உண்டு. எண்கணிதத்தைக் கையாளும் முரணற்ற எந்த நிறுவல் முறைக்கும் எட்டாத மெய்க் கூற்று உண்டு என்பது கூர்ட் கோடலின் 1931ஆம் ஆண்டுத் தேற்றம். அதைக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும், கூற்றுகளை எண்களாக மாற்றும் எண்குறியீட்டுக் காட்டில் மாணவனை இழந்துவிடுவார். தன்னைத்தானே சுட்டும் கூற்றை அந்தக் காடு இல்லாமலே அமைக்கலாம் என்று 1957இல் ஸ்மல்யன் ஒரு கட்டுரையில் காட்டினார். பின்னர் அதையே ஓர் அச்சு இயந்திரமாக எளிமைப்படுத்தினார். தமிழ் எழுத்தில் அது இப்படி வரும். இயந்திரத்துக்குத் தெரிந்தவை ம, அ, இ என்ற மூன்று எழுத்தும் அடைப்புக்குறிகளும். ஒரு தொடரின் இரட்டிப்பு என்றால், அதை எழுதி, அதையே அடைப்புக்குள் மறுபடி எழுதுவது. அ(தொடர்) என்றால் 'அந்தத் தொடரை இயந்திரம் என்றாவது அச்சிடும்'. அஇ(தொடர்) என்றால் 'அந்தத் தொடரின் இரட்டிப்பை அச்சிடும்'. முன்னால் ம வந்தால் மறுப்பு: 'ஒருபோதும் அச்சிடாது'. இயந்திரம் மெய்யான கூற்றை மட்டுமே அச்சிடும் என்பது உறுதி.

இப்போது மஅஇ(மஅஇ) என்பதைப் படியுங்கள். 'மஅஇ என்ற தொடரின் இரட்டிப்பை இயந்திரம் ஒருபோதும் அச்சிடாது' என்கிறது. மஅஇ-யின் இரட்டிப்பு எது? மஅஇ(மஅஇ). அதாவது அந்தக் கூற்றே. தன்னை இயந்திரம் அச்சிடாது என்று அது சொல்கிறது. அச்சிட்டால் கூற்று பொய்யாகும். பொய்யை இயந்திரம் அச்சிடாது. ஆகவே அச்சிடாது. அச்சிடாததால் கூற்று மெய். மெய்யான ஒரு கூற்று இந்த இயந்திரத்துக்கு என்றைக்கும் எட்டாமல் நிற்கிறது. கோடல் தேற்றத்தின் உயிர்நாடி ஏறத்தாழ பத்து வரியில் அடங்கிவிட்டது. மாணவர் வழக்கமாகத் தடுமாறும் இடம், 'இரட்டிப்பு' எதன்மேல் செயல்படுகிறது என்பது: அடைப்புக்குள் இருக்கும் மூன்றெழுத்தின்மேல் மட்டும், முழுக் கூற்றின்மேல் அன்று. முழுக் கூற்றை இரட்டித்தால் வட்டம் மூடாது.

1985இல் அவர் எழுதிய பறவைப் புதிர்களிலும் இதே நுட்பம்தான். எந்தப் பறவையின் பெயரைக் கேட்டாலும், அந்தப் பறவை தன் பெயரையே கேட்டால் என்ன குரல் கொடுக்குமோ அதைக் கொடுக்கும் ஒரு பறவை அதில் உண்டு, அது இரட்டிப்பேதான். பறவை பார்ப்பதில் பிரியம் கொண்ட தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கரிக்கு அந்த நூலை அவர் காணிக்கையாக்கியிருந்தார்.

தங்களைப் போன்ற நாளிதழுக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று. ஸ்மல்யனின் சதுரங்கப் புதிர் ஒன்று 1957இல் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழில் வந்தது. கட்டங்களின் பெயரில் எழுத்து வெள்ளையின் இடமிருந்து ஏ முதல் எச் வரையுள்ள பத்தியையும், எண் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையுள்ள வரிசையையும் குறிக்கும். பலகையில் கறுப்பு ராஜா டி1, கறுப்புக் கோட்டை பி5, கறுப்பு பிஷப் டி5, வெள்ளை பிஷப் ஏ4. வெள்ளை ராஜா கீழே விழுந்துவிட்டது. அது எந்தக் கட்டத்தில் இருந்தது? விடை சி3. இதை மட்டும் தலைகீழாக அச்சிட்டால் வாசகனுக்கு என்ன கிடைக்கும்? வழி இது: வெள்ளை ராஜா பி3-இல் நின்றால் கோட்டையும் பிஷப்பும் ஒருசேர ஷா வைக்கின்றன (ராஜாவைத் தாக்குகின்றன), அது எப்படி நேர்ந்திருக்கும் என்று தோன்றாது. வேறெங்கே நின்றாலும் வெள்ளை பிஷப் கறுப்பு ராஜாவுக்கு ஷா வைக்கிறது, அந்த ஷா எப்படி வந்தது என்று தெரியாது. பி3-இல் ராஜா, சி2-இல் வெள்ளைச் சிப்பாய், பி4-இல் கறுப்புச் சிப்பாய் இருந்ததாக வையுங்கள். டி5 பிஷப்பின் ஷாவை மறிக்க வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து சி4 வருகிறது. பாய்ந்த சிப்பாயை அடுத்த நகர்த்தலிலேயே வெட்டும் விதிப்படி கறுப்புச் சிப்பாய் அதை வெட்டி சி3-இல் அமர்கிறது. ஒரே வீச்சில் கோட்டையின் வழியும் பிஷப்பின் வழியும் திறந்துவிடுகின்றன. ராஜா அந்தச் சிப்பாயை வெட்டி சி3-க்கு நகர, ஏ4 பிஷப்பின் ஷா வெளிப்படுகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள். மெய்யன்–பொய்யன் கணக்கு வரும் வாரங்களில் விடைக்குப் பக்கத்தில் அதன் மரத்தையும் அச்சிடுங்கள். இருவர் பேசும் கணக்குக்கு ஒற்றைப் பத்தி அகலத்தில் ஆறேழு வரி போதும். அச்சுக்கு அனுப்பும் முன் திறந்த கிளைகளை எண்ணிப் பாருங்கள். சென்ற வாரக் கணக்கைத் திருத்தி வெளியிடுவதானால், தம்பியைப் பேசவிடாமல் அண்ணனை மட்டும் "எங்களில் ஒருவனாவது பொய்யன்" என்று சொல்லவையுங்கள். அண்ணன் பொய்யன் என்ற கிளையில் அவன் பேச்சு பொய், ஆகவே இருவரும் மெய்யர் என்றாகி அண்ணனே மெய்யனாகிவிடுகிறான், கிளை மூடும். மிஞ்சும் கிளையில் அண்ணன் மெய்யன், ஆகவே பொய்யன் தம்பிதான். தாங்கள் அச்சிட்ட விடையையும் மாற்ற வேண்டியிராது.

இப்படிக்கு,
தருக்கவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.